கம்பைலர் ஏறிவிட்டது, பைத்தான் இல்லை என்கிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு வைஃபை போர்டு செய்கிறவர்களும் சரி, பெருந்துறை, திருச்செங்கோடு கல்லூரிகளில் கடைசி வருட ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளும் சரி, கேட்பது ஒரே கேள்விதான்: "ஏனுங்க, நேத்து வரைக்கும் பில்டு ஆயிட்டிருந்துச்சுங்க, இன்னைக்குப் பைத்தானே இல்லைங்குது." உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். ஜிபி கணக்கில் மறுபடி இறங்குகிறது, பிழை நகர்வதில்லை. பெரும்பாலும் கெட்டுப்போனது கோப்பு அல்ல. ஒரே பெயரில் நான்கு பைத்தான் இருக்கும் மெஷினில் எது முதலில் பதில் சொல்கிறது என்பதுதான் மாறியிருக்கும்.

இங்கே முக்கிய உதாரணம் ஈஎஸ்பி32 சிப்புக்கான ஈஎஸ்பி-ஐடிஎஃப் (அந்த சிப்பைச் செய்யும் எஸ்பிரெஸிஃப் நிறுவனம் தரும் டூல் தொகுப்பு, சுருக்கமாக ஐடிஎஃப்), விண்டோஸ் 10 மற்றும் 11-இல். இதில் ஜிசிசி கம்பைலர் தனியாக நின்று வேலை செய்வதில்லை. அதை ஓட்டுவது சிமேக், நிஞ்சா என்ற பில்டு கருவிகளும் பைத்தான் ஸ்கிரிப்டுகளும். அதனால்தான் இன்ஸ்டாலர் தனக்கென ஒரு பைத்தானையும், கோடின் பதிப்புகளைக் கையாளும் கிட் மென்பொருளையும் மூட்டையில் கட்டிக்கொண்டே வருகிறது. சி கோடை பிரவுசரில் ஓடும்படி மாற்றும் எம்ஸ்கிரிப்டனும் அப்படித்தான்: ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடைக் கூடவே கொண்டுவரும், விண்டோஸில் பைத்தானையும் கொண்டுவரும், அவை இருக்கும் இடத்தை ஈஎம்எஸ்டிகே_நோட், ஈஎம்எஸ்டிகே_பைத்தான் என்ற என்விரான்மென்ட் வேரியபிள்களில் (ஓடும் ப்ரோக்ராம்கள் படித்துக்கொள்ளும் பெயர்-மதிப்புக் குறிப்புகள்) எழுதிவைக்கும். பெயர்கள் மாறும், நோய் ஒன்றுதான்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகத் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டவும்.

## எதையும் அழிக்கும் முன்

பிழை வந்த அதே விண்டோவில் தட்டவும். புதிதாக ஒன்று திறந்து பார்த்தால் அங்கே சூழல் வேறாக இருக்கலாம்.

வேர் பைத்தான்
செட் பைத்தான்
செட் ஐடிஎஃப்
பை -0பி

முதல் கட்டளை, பாத்-இல் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) உள்ள எல்லாப் பைத்தானையும் வரிசைப்படி காட்டும். மேலே இருப்பதுதான் ஓடும், மற்றவை சும்மா நிற்கின்றன. இரண்டாவது, பைத்தான் என்று தொடங்கும் பெயருள்ள எல்லா வேரியபிளையும் காட்டும். எதுவும் இல்லை என்று வந்தால் நல்லது. மூன்றாவது ஐடிஎஃப் வைத்த வேரியபிள்கள். நான்காவது, 'பை' என்ற பைத்தான் லாஞ்சருக்குத் தெரிந்த பைத்தான்களின் பட்டியல். மூட்டையில் வந்த பைத்தான் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகாததால் இந்தப் பட்டியலில் பொதுவாக வராது. வரவில்லையே என்று பதற வேண்டாம்.

இவை சிஎம்டி-க்கானவை, அதாவது விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு. பவர்ஷெல்லில் 'வேர்' என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப்பெயர், ஒன்றுமே காட்டாமல் சும்மா திரும்பிவிடும். அங்கே 'வேர்.எக்ஸ்இ பைத்தான்' என்று முழுப்பெயரில் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைக்கவும். விண்டோஸ் பாத்-ஐக் கட்டும்போது சிஸ்டம் பாத் முழுவதையும் முதலில் வைத்து, அதன் வாலில் யூசர் பாத்-ஐ ஒட்டும். யூசர் பாத்-இல் உங்கள் ஃபோல்டரை முதல் வரிக்கு எத்தனை முறை ஏற்றினாலும், சிஸ்டம் பாத்-இல் பழைய பைத்தான் இருந்தால் அதுதான் ஜெயிக்கும். "மேலே ஏத்திட்டேனுங்க, அப்பவும் பழசுதான் வருது" என்பதற்கு விடை இதுதான்.

## அறிகுறி: பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது, அல்லது 9009 என்ற எண்ணுடன் நிற்கிறது

'வேர் பைத்தான்' காட்டும் முதல் வரி விண்டோஸ்ஆப்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தால் 0 பைட். அது பைத்தானே அல்ல, ஸ்டோருக்கு வழிகாட்டும் பலகை. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாசஸ்' என்று தேடி, பைத்தான்.எக்ஸ்இ, பைத்தான்3.எக்ஸ்இ இரண்டையும் அணைக்கவும். விண்டோஸ் 11-இல் இது 'அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ்' உள்ளே இருக்கும். வேறெதுவும் செய்ய வேண்டாம்.

## அறிகுறி: எக்ஸ்போர்ட் ஓடி முடிந்தது, ஆனாலும் ஐடிஎஃப்.பை தெரியவில்லை என்கிறது

எக்ஸ்போர்ட் என்பது டூல்களைப் பாத்-இல் சேர்க்கும் ஐடிஎஃப் ஸ்கிரிப்ட்; ஐடிஎஃப்.பை என்பது பில்டு செய்யும் கட்டளை. பவர்ஷெல்லில் நின்றுகொண்டு எக்ஸ்போர்ட்.பேட் ஓட்டியிருப்பீர்கள். பவர்ஷெல் ஒரு பேட் கோப்பைத் தானே ஓட்டாது. பின்னால் ஒரு சிஎம்டி-யைத் திறந்து அதனிடம் கொடுக்கும். அந்த சிஎம்டி பாத்-ஐ ஒழுங்காகவே மாற்றும், 'டன்' என்றும் சொல்லும், பிறகு மூடிக்கொள்ளும். அது மாற்றியதெல்லாம் அதனுடனே போய்விடும். குழந்தை ப்ராசஸ் தாய் ப்ராசஸின் வேரியபிளைத் தொட முடியாது. தாயிடமிருந்து குழந்தைக்கு ஒரு நகல் போகும், அவ்வளவுதான்.

பவர்ஷெல் என்றால் எக்ஸ்போர்ட்.பிஎஸ்1, சிஎம்டி என்றால் எக்ஸ்போர்ட்.பேட். பிஎஸ்1 ஓட்டும்போது ஸ்கிரிப்டுகளுக்கு அனுமதி இல்லை என்று சிவப்பில் வந்தால், 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்டு' ஒரு முறை கொடுத்தால் போதும். அட்மின் தேவையில்லை.

இதே விதியின் இன்னொரு முகம் விஎஸ்கோடு. வேரியபிளை மாற்றி, விஎஸ்கோடுக்குள் இருக்கும் டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் பழையதே வரும். அந்த டெர்மினலின் தாய் விஎஸ்கோடு. அது காலையில் திறந்தபோது வாங்கிய நகலைத்தான் இன்னும் வைத்திருக்கிறது. எல்லா விஎஸ்கோடு விண்டோவையும் மூடிவிட்டு ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறக்கவும். எக்ஸ்ப்ளோரர் மட்டும் மாற்ற அறிவிப்பைக் கேட்டுத் தன் நகலைப் புதுப்பித்துக்கொள்ளும்; அதனால்தான் ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறப்பதற்குப் புதியது கிடைக்கிறது.

## அறிகுறி: பைத்தான் கிளம்பும்போதே 'என்கோடிங்ஸ்' மாட்யூல் இல்லை என்று விழுகிறது

'ஃபேட்டல் பைத்தான் எரர்' என்று தொடங்கி, 'நோ மாட்யூல் நேம்டு என்கோடிங்ஸ்' என்று முடியும். சில நேரம் அதற்குப் பதில் 'எஸ்ஆர்இ மாட்யூல் மிஸ்மேட்ச்'. பார்க்கப் பயமாக இருந்தாலும் சுலபமாகத் தீருவது இதுதான்.

பைத்தான்ஹோம் என்ற வேரியபிள், "உன் லைப்ரரி இங்கேதான் இருக்கிறது" என்று எந்தப் பைத்தானுக்கும் சொல்லும் உத்தரவு. முன்பு போட்ட ஏதோ டிசைன் மென்பொருளோ அனாலிசிஸ் மென்பொருளோ தன் வசதிக்காக அதை சிஸ்டம் முழுமைக்கும் வைத்திருக்கும். இப்போது மூட்டையில் வந்த 3.11 ஓடினாலும், அது போய்த் தேடுவது அந்தப் பழைய பதிப்பின் ஃபோல்டரில். ஃபோல்டரே அழிந்திருந்தால் 'என்கோடிங்ஸ்' இல்லை என்று விழும். ஃபோல்டர் இருந்து பதிப்பு வேறாக இருந்தால் 'மிஸ்மேட்ச்' என்று விழும். இரண்டு செய்திக்கும் வேர் ஒன்று.

உறுதி செய்ய ஒரே சோதனை: 'பைத்தான் -ஈ' என்று, பெரிய எழுத்து ஈ கொடுத்து ஓட்டவும். பைத்தான் என்று தொடங்கும் வேரியபிள்களைக் கண்டுகொள்ளாதே என்பது அதன் பொருள். அப்போது ஓடிவிட்டால் இன்ஸ்டாலேஷனில் குற்றமே இல்லை.

தீர்க்க, அந்த விண்டோவுக்கு மட்டும்:

செட் பைத்தான்ஹோம்=
செட் பைத்தான்பாத்=

சமக்குறிக்குப் பின் ஒன்றும் வேண்டாம், ஸ்பேஸ்கூட வேண்டாம். இது சரியானால் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டிக்குள் போய், யூசர் பகுதி, சிஸ்டம் பகுதி இரண்டிலும் அழிக்கவும். அழித்த பிறகு அந்தப் பழைய மென்பொருள் ஓடவில்லை என்றால், அதற்கென ஒரு பேட் கோப்பு எழுதி, அதற்குள் வேரியபிளை வைத்து, அங்கிருந்து அதைத் திறக்கவும். ஒரு மென்பொருளுக்கு வேண்டியதை மெஷின் முழுக்கத் திணிக்கக் கூடாது.

பைத்தான்பாத் இவ்வளவு முரடு இல்லை. பைத்தான் கிளம்பும், நடுவில் ஏதோ ஒரு இம்போர்ட்டில் 'கான்ஃப்ளிக்ட்ஸ் வித் திஸ் வெர்ஷன் ஆஃப் பைத்தான்' என்று விழும். வேறு பதிப்புக்குக் கம்பைல் ஆன பிஒய்டி கோப்பு அந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது. மருந்து அதேதான்.

## அறிகுறி: 'நோ பைத்தான் அட்' என்று, இல்லாத ஒரு பாத்-ஐச் சொல்கிறது. அல்லது விர்ச்சுவல் என்விரான்மென்ட் கிடைக்கவில்லை என்கிறது

இரண்டும் அக்காள் தங்கை. முதலில் இரண்டாவது செய்தி. ஈஎஸ்பி-ஐடிஎஃப் தன் பேக்கேஜ்களை ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்டில் (மற்ற பைத்தான் வேலைகளோடு கலக்காத தனி ஃபோல்டர்) வைக்கிறது. அந்த ஃபோல்டரின் பெயரைக் கவனியுங்கள்: ஐடிஎஃப்5.1_பிஒய்3.11_என்வ். நடுவில் இருக்கும் 3.11, இன்ஸ்டால் ஓடியபோது பதில் சொன்ன பைத்தானின் பதிப்பு. அடுத்த வாரம் நீங்கள் வேறு வேலைக்காக 3.12 போட்டு, 'ஆட் டு பாத்' டிக்கும் செய்துவிட்டால், எக்ஸ்போர்ட் இப்போது 3.12-ஐக் கூப்பிட்டு, அதன் பெயரைக் கணக்கிட்டு, பிஒய்3.12 என்று ஒரு ஃபோல்டரைத் தேடும். அப்படி ஒன்று யாரும் உண்டாக்கவில்லை. "கிடைக்கவில்லை, இன்ஸ்டாலை ஓட்டு" என்கிறது. 3.11 ஃபோல்டர் பக்கத்திலேயே முழுசாக இருக்கிறது.

இரண்டு வழி. புதிய பைத்தானோடே இருக்கலாம் என்றால், ஐடிஎஃப் ஃபோல்டரில் இன்ஸ்டால்.பேட் மறுபடி ஓட்டவும்; கம்பைலர் மறுபடி இறங்காது, பைத்தான் பேக்கேஜ்கள் மட்டும் இறங்கும். உங்கள் ஐடிஎஃப் பதிப்பு அந்தப் பைத்தானை ஏற்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளவும். பழைய ஐடிஎஃப்-க்கு மிகப் புதிய பைத்தான் கொடுத்தால் பேக்கேஜ்கள் ஏறாமல் அடுத்த சண்டை தொடங்கும். அது வேண்டாம் என்றால், இன்ஸ்டாலர் போட்டுக் கொடுத்த ஐடிஎஃப் டெர்மினல் ஷார்ட்கட்டையே பயன்படுத்தவும். அது மூட்டைப் பைத்தானை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் திறக்கிறது. நாங்கள் சொல்வது இரண்டாவது வழி.

'நோ பைத்தான் அட்' என்பதற்குக் காரணம் வேறு. என்வ் ஃபோல்டருக்குள் பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற சின்னக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால், 'ஹோம் =' என்ற வரியில் மூலப் பைத்தானின் முழு முகவரி. என்வ் ஃபோல்டருக்குள் இருக்கும் பைத்தான்.எக்ஸ்இ வெறும் வாசல். வீடு அந்த முகவரியில் இருக்கிறது. மூலப் பைத்தானை அன்இன்ஸ்டால் செய்தாலும், டூல்ஸ் ஃபோல்டரை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு நகர்த்தினாலும் அந்த வரி பொய்யாகிவிடும். வரியைக் கையால் திருத்துகிறவர்கள் உண்டு. ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள மற்ற எக்ஸ்இ கோப்புகளுக்குள்ளும் பழைய முகவரி பதிந்திருப்பதால் பாதி வேலை செய்து பாதி செய்யாது. பைத்தான்_என்வ் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு இன்ஸ்டால்.பேட் ஓட்டுவதே சுத்தம். அதே காரணத்தால், நண்பனின் லேப்டாப்பிலிருந்து பென்டிரைவில் என்வ் ஃபோல்டரைக் காப்பி செய்து வருவதும் பலிக்காது.

## அறிகுறி: 'நோ மாட்யூல் நேம்டு பிப்', 'நோ மாட்யூல் நேம்டு வென்வ்'

ஜிப்பாக வரும் எம்பெடபிள் பைத்தானை யாரோ பாத்-இல் வைத்திருக்கிறார்கள். அது வேறொரு மென்பொருளுக்குள் ஒளிந்து வேலை செய்யத் தயாரித்த சுருங்கிய வடிவம். பேக்கேஜ்களை ஏற்றும் பிப், விர்ச்சுவல் என்விரான்மென்ட் உண்டாக்கும் வென்வ் இரண்டும் அதில் கிடையாது. ஃபோல்டருக்குள் பைத்தான்311._பிடிஎச் போன்ற ஒரு கோப்பு இருந்தால் அடையாளம் உறுதி. அந்தக் கோப்பு இருக்கும்வரை பைத்தான்பாத் வைத்தாலும் அது மதிக்காது. அதைப் பாத்-இலிருந்து எடுத்துவிட்டு, முழு இன்ஸ்டாலரில் வந்த பைத்தானை முன்னால் வைக்கவும்.

## அறிகுறி: 'எம்சிஸ் / மிங்டபிள்யூ ஆதரிக்கப்படாது' என்று இன்ஸ்டால் மறுக்கிறது

கிட்டோடு வரும் லினக்ஸ் பாணி டெர்மினலான கிட் பாஷ் விண்டோவில் ஓட்டுகிறீர்கள். அல்லது கிட் பாஷிலிருந்து திறந்த விஎஸ்கோடில். கிட் பாஷ் எம்சிஸ்டெம் என்ற வேரியபிளில் மிங்டபிள்யூ64 என்று எழுதும், அது பிள்ளைகளுக்கும் இறங்கும், ஐடிஎஃப் அதைப் பார்த்துத்தான் மறுக்கிறது. சாதாரண சிஎம்டி-க்கு வாருங்கள்.

## அறிகுறி: பாத் மாற்றிய பிறகு பிங், வேர் போன்ற விண்டோஸ் கட்டளைகளே காணோம்

'செட்எக்ஸ் பாத் "%பாத்%;புதியது"' என்று ஏதோ வீடியோவில் பார்த்துக் கொடுத்திருப்பீர்கள். இந்த ஒரு வரி இரண்டு கெடுதல் செய்கிறது. செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும்; எச்சரிக்கை ஒன்று வரும், யாரும் படிப்பதில்லை. அதோடு, %பாத்% என்பது சிஸ்டமும் யூசரும் சேர்ந்த கலவை. அதை அப்படியே யூசர் பாத்-இல் கொட்டிவிடும். '/எம்' சேர்த்திருந்தால் வெட்டுப்பட்டது சிஸ்டம் பாத்.

மாற்றத்துக்கு முன்பு திறந்த சிஎம்டி விண்டோ ஏதாவது இன்னும் திறந்திருந்தால் மூடிவிடாதீர்கள். அதில் பழைய பாத் உயிரோடு இருக்கிறது. 'பாத் > பழசு.டிஎக்ஸ்டி' கொடுத்து எழுதி வைத்துக்கொள்ளவும். ஒன்றும் இல்லையென்றால், சிஸ்டம் பாத்-இல் குறைந்தபட்சம் இவை இருக்க வேண்டும்:

%சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32
%சிஸ்டம்ரூட்%
%சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32\டபிள்யூபெம்
%சிஸ்டம்ரூட்%\சிஸ்டம்32\விண்டோஸ்பவர்ஷெல்\வி1.0\

பாத்-ஐ நிரந்தரமாக மாற்ற வேண்டியிருந்தால் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டியில் வரி வரியாகச் சேர்க்கவும். உண்மையில் டூல்செயினுக்கு நிரந்தரப் பாத்-ஏ வேண்டியதில்லை. வேலை செய்யும் விண்டோவில் எக்ஸ்போர்ட் ஓட்டினால் போதும். மூடினால் மெஷின் பழையபடி சுத்தம்.

## அறிகுறி: இன்ஸ்டால் பாதியில் கோப்பு கிடைக்கவில்லை என்கிறது, ஃபோல்டரில் பார்த்தால் இருக்கிறது

இருப்பிடத்தின் பெயரைப் பாருங்கள். ஐடிஎஃப் ஃபோல்டர், டூல்ஸ் ஃபோல்டர் இரண்டின் பாத்-உம் 90 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்பேஸ், அடைப்புக்குறி கூடாது. விண்டோஸின் 260 எழுத்து வரம்பு அதற்குள் எங்கோ ஆழத்தில் இடிக்கும் என்பதால்தான் முன்கூட்டியே 90 என்று கேட்கிறார்கள். 'நியூ ஃபோல்டர் (2)' உள்ளே, ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால் மூன்று தவறும் ஒரே இடத்தில்.

விண்டோஸ் யூசர் பெயரையே தமிழில் வைத்திருக்கும் மெஷின்களில் இது தவறாமல் வரும். யூசர் ஃபோல்டரின் பெயர் தமிழ் எழுத்தில் இருக்க, உள்ளே ஓடும் சில டூல்கள் அதை வாசிக்கத் தெரியாமல் கேள்விக்குறிகளாக்கிவிடும். அக்கவுண்ட் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. யூசர் ஃபோல்டரை விட்டு வெளியே வருவதே வழி: சி டிரைவின் அடியில் ஈஎஸ்பி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் டூல்ஸ் என்று ஒன்று. இன்ஸ்டால் ஓட்டும் முன் ஐடிஎஃப்_டூல்ஸ்_பாத் வேரியபிளை அங்கே திருப்பவும். டெம்ப், டிஎம்பி இரண்டும் யூசர் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். அந்த விண்டோவில் அவற்றையும் சி:\டெம்ப் என்று மாற்றவும். அந்த ஃபோல்டரை முதலில் உண்டாக்க மறக்க வேண்டாம்.

மதிப்பு கொடுக்கும்போது மேற்கோளை வேரியபிள் பெயருக்கு முன்பே தொடங்கவும்: செட் "டெம்ப்=சி:\டெம்ப்". மேற்கோள் இல்லாமல் எழுதி, பின்னால் '&&' போட்டு அடுத்த கட்டளையைச் சேர்த்தால் நடுவில் உள்ள ஸ்பேஸும் மதிப்பில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பிழை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்தும் நாளில் இன்ஸ்டால் வைத்துக்கொண்டால் பாதி விரிந்த ஃபோல்டர் மிஞ்சும். கம்பைலருக்கு 'நோ இன்ஸ்டால்டு வெர்ஷன்ஸ்' என்று வந்தால், டூல்ஸ் ஃபோல்டருக்குள் அந்தக் கம்பைலரின் ஃபோல்டரை மட்டும் அழித்து இன்ஸ்டால்.பேட் ஓட்டவும். 'டிஸ்ட்' ஃபோல்டரில் முழுதாக இறங்கிய ஜிப் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும், டேட்டா மிச்சம்.

## அறிகுறி: கல்லூரியில் ஏறியது, வீட்டில் எதுவும் இறங்கவில்லை

'செட் எச்டிடிபி' தட்டுங்கள். லேபில் வைத்த எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி (கல்லூரி நெட்வொர்க்கின் இடைத்தரகர் சர்வர் முகவரி) பவானிக்கோ பல்லடத்துக்கோ உங்களோடே பஸ் ஏறி வந்திருக்கும். அந்த விண்டோவில் காலி செய்யவும். ப்ராக்ஸி இல்லாமலும் கிட்ஹப்பிலிருந்து இறங்குவது மட்டும் முக்கினால், ஐடிஎஃப்_கிட்ஹப்_அசெட்ஸ் வேரியபிளில் எஸ்பிரெஸிஃப்பின் சொந்த டவுன்லோடு முகவரியைக் கொடுத்து ஓட்டலாம். முகவரி ஐடிஎஃப் ஆவணத்திலேயே இருக்கிறது.

## அறிகுறி: கம்பைலர் இருக்கிறது, ஆனால் தவறான கம்பைலர்

'வேர் ஜிசிசி' பார்க்கவும். பழைய சி ஐடிஇ-க்களோடு வந்த மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) பாத்-இல் இருக்கலாம்.  இரண்டு மிங்டபிள்யூ இருந்தால், நீங்கள் கம்பைல் செய்த ப்ரோக்ராம் லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் கோப்பை அடுத்தவரின் ஃபோல்டரிலிருந்து எடுக்கும். விண்டோஸ் டிஎல்எல்-ஐ முதலில் எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் தேடும், பாத்-ஐக் கடைசியில்தான் பார்க்கும். 'என்ட்ரி பாயின்ட்' கிடைக்கவில்லை என்றால் பதிப்பு மோதல். 0xசி000007பி என்றால் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டன. சரியான டிஎல்எல்-ஐ எக்ஸ்இ பக்கத்தில் வைக்கவும், அல்லது '-ஸ்டாடிக்' கொடுத்து லிங்க் செய்யவும்.

பாத்-ஐத் திருத்திய பிறகும் சிமேக் பழைய கம்பைலரையே பிடித்துக்கொண்டிருந்தால் வியக்க வேண்டாம். முதல் முறை கண்ட கம்பைலரை அது பில்டு ஃபோல்டரில் சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி-யில் எழுதிவைத்துவிட்டது, அதன் பிறகு பாத்-ஐக் கேட்பதே இல்லை. பில்டு ஃபோல்டரை அழிக்கவும். ஐடிஎஃப்-இல் 'ஐடிஎஃப்.பை ஃபுல்க்ளீன்'. ப்ராஜெக்டை ஒரு பைத்தானில் தொடங்கி வேறொன்றில் தொடர்ந்தால் ஐடிஎஃப் தானே இதைச் சொல்லி நிறுத்தும்.

## லினக்ஸில்

உபுண்டுவில் அறிகுறிகள் குறைவு. எக்ஸ்போர்ட்.எஸ்எச் முன்னால் ஒரு புள்ளியும் ஸ்பேஸும் வைத்து '. ./எக்ஸ்போர்ட்.எஸ்எச்' என்று ஓட்ட வேண்டும். வெறுமனே ஓட்டினால் மேலே சொன்ன குழந்தை ப்ராசஸ் கதைதான். 'வேர்' இடத்தில் 'டைப் -ஏ பைத்தான்3'. பாத் சரியாக இருந்தும் பாஷ் பழைய இடத்தையே தேடினால் 'ஹாஷ் -ஆர்'. சூடோ (அட்மின் உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டால் மட்டும் கம்பைலர் காணாமல் போவதற்குக் காரணம், சூடோ உங்கள் பாத்-ஐ ஏற்காமல் தன் செக்யூர்_பாத்-ஐ வைத்துக்கொள்வது. சீரியல் போர்ட் திறக்க முடியாமல்தான் பலர் சூடோ பக்கம் போகிறார்கள்; உங்கள் யூசரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து உள்ளே வந்தால் சூடோ தேவைப்படாது. 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று பிப் மறுத்தால் நீங்கள் விர்ச்சுவல் என்விரான்மென்டுக்கு வெளியே நிற்கிறீர்கள். '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைக் கொடுக்காமல் எக்ஸ்போர்ட் ஓட்டிவிட்டு வாருங்கள்.